நேற்றுப் படித்த கன்ஜி இன்று யாரோ மாதிரி பார்க்கிறதா?

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கி, அதன் ஒலியெழுத்துகளான ஹிரகனா, கதகனா இரண்டையும் ஒரு மாதத்தில் முடித்துவிட்டு, "இவ்வளவுதானா, நமக்கும் வருதே" என்று கொஞ்சம் தலைக்கனத்தோடு, சீனத்திலிருந்து வந்த பொருளெழுத்துகளான கன்ஜிக்குள் காலை வைப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். முதல் 30, 40 எழுத்து வரை சுகமாகப் போகும். மலை மலை மாதிரியே இருக்கும், மரம் மரம் மாதிரியே இருக்கும், இரண்டு மரம் போட்டால் தோப்பு, மூன்று போட்டால் காடு, அட என்று ரசித்துக்கொண்டே போவோம். 70, 80ஐத் தாண்டியதும் ஒரு நாள் பழைய பக்கத்தைத் திருப்பினால், போன வாரம் இருபது தடவை எழுதிய எழுத்து முன்பின் தெரியாத ஆள் மாதிரி நம்மைப் பார்க்கும். எனக்கு அது 'காத்திருத்தல்' என்ற எழுத்து. நோட்டில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன், என் கையெழுத்துதான், ஆனால் அது என்னவென்று தெரியவில்லை.

அந்த இடத்தில் நிறையப் பேர் "எனக்கு ஞாபக சக்தி போதாது" என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள். நானும் இரண்டு தடவை கட்டினேன். மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது என்னென்ன மாற்றினேன் என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப் போகிறேன். எழுத்துகளை வரைந்து காட்டப் போவதில்லை. உச்சரிப்பையும் உறுப்புகளையும் (எழுத்துக்குள் இருக்கும் துண்டுகளை) தமிழில் சொல்கிறேன், அகராதி ஆப் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்களே தேடி எடுங்கள். நாமே தேடிப் பிடித்த எழுத்து கொஞ்சம் கூடுதலாக ஒட்டும்.

ஆறு வயசுப் பிள்ளைக்கு இருக்கும் வசதி நமக்கு இல்லை

ஜப்பானில் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்திருக்கும் ஜோயோ கன்ஜிப் பட்டியலில் 2136 எழுத்துகள் இருக்கின்றன, 2010இல் திருத்திய கணக்கு அது. அதில் 1026ஐத் தொடக்கப் பள்ளியின் 6 வருடத்தில் சொல்லித்தருகிறார்கள். முதல் வகுப்புக்கு 80, இரண்டாம் வகுப்புக்கு 160. ஒரு வருடத்துக்கு 80! நாம் முதல் மாதத்திலேயே 100 முடித்துவிடப் பார்க்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் வகுப்புப் பிள்ளைக்கு 'மிஸு' என்றால் தண்ணீர் என்று பிறந்ததிலிருந்தே தெரியும். மிஸு கேட்டு அழுதிருக்கும், மிஸுவைக் கொட்டித் திட்டு வாங்கியிருக்கும். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லின் மேல் ஒரு எழுத்தை ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். நமக்கோ சொல்லும் புதிது, ஒலியும் புதிது, எழுத்தும் புதிது. கொக்கியே அடிக்காத சுவரில் சட்டையை மாட்டிவிட்டு, சட்டை விழுகிறது, சட்டை விழுகிறது என்று புலம்புகிறோம். "கன்ஜி மறந்துபோச்சு" என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, சொல் இன்னும் நம்மிடம் வந்து சேரவில்லை என்பதுதான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே சொல்லும் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மறதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1885இல் ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்பவர் அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன் மறதியைத் தானே அளந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். படித்த ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் கரைந்துவிட்டது, அதற்குப் பிறகு கரைவது மெதுவானது. இதை எல்லோரும் சொல்வார்கள். அவர் எப்படி அளந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை: மறந்ததைத் திரும்பப் படிக்கும்போது முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் குறைகிறது என்றுதான் பார்த்தார். அதாவது சுத்தமாக மறந்துவிட்டது என்று தோன்றும் சொல்லுக்கும் உள்ளே ஏதோ ஒரு தடம் இருக்கிறது, இரண்டாம் தடவை சீக்கிரம் ஏறும். அதனால் பழைய பக்கம் தெரியவில்லை என்றால் முதலிலிருந்து தொடங்குகிறோம் என்று நினைக்காதீர்கள்.

முதல் வேலை: மறந்தது எது என்று பாருங்கள்

ஒரு வாரத்துக்கு ஒரு துண்டு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் தடுக்கும்போதெல்லாம் என்ன தடுத்தது என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். உருவம் பழகியதாகவே தெரியவில்லையா? அர்த்தம் தெரிகிறது, வாயில் ஒலி வரவில்லையா? ஒலியும் தெரியும், ஆனால் பக்கத்துவீட்டு எழுத்தோடு குழம்பிவிட்டதா? பார்த்தால் தெரியும், கையால் எழுதத்தான் வரவில்லையா?

இந்த நான்கும் வேறு வேறு நோய், ஒரே மருந்து வேலைக்கு ஆகாது. நான் முதலில் செய்தது எல்லாவற்றுக்கும் ஒரே கஷாயம்: மறந்தால் இன்னும் இருபது தடவை எழுது. ஒரு வாரம் குறித்துப் பார்த்தபோது என் தடுமாற்றத்தில் பாதிக்கு மேல் ஒலியில்தான் இருந்தது, உருவத்தில் இல்லை. அப்படியானால் அந்த இருபது தடவை எழுதியதெல்லாம் விரலுக்குத்தான் பயிற்சி.

எழுத்தைப் படிக்காதீர்கள், சொல்லைப் படியுங்கள்

பல வகுப்புகளில் ஒரு கன்ஜியைப் பலகையில் போட்டு, சீன வழி வந்த ஒலிகள் இவை, ஜப்பானிய ஒலிகள் இவை என்று இரண்டு பட்டியல் எழுதிப் போடுவார்கள். ஓன்யோமி, குன்யோமி என்பது அதுதான். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். 'பிறப்பு, உயிர்' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸென்ஸே என்றால் ஆசிரியர், அதில் அது 'ஸே'. தன்ஜோபி என்றால் பிறந்தநாள், அதில் 'ஜோ'. இகிரு என்றால் வாழ்தல், அதில் 'இ'. உமரெரு என்றால் பிறத்தல், அதில் 'உ'. பச்சையாக, வேகாமல் என்றால் 'நம'. இன்னும் இருக்கிறது. இதை எழுத்தின் பட்டியலாகப் படித்தால் இரண்டு நாளில் சாம்பார் ஆகிவிடும். ஸென்ஸே என்ற ஒரு சொல்லாக, தன்ஜோபி என்ற இன்னொரு சொல்லாகப் படித்தால் குழப்பமே வராது, ஏனென்றால் சொல்லுக்கு ஒரு ஒலிதான்.

ஒரே எழுத்துக்கு இத்தனை ஒலியா என்று மலைக்க வேண்டாம், நாமும் சின்ன அளவில் இதைத்தான் செய்கிறோம். காகம் என்று எழுதுகிறோம், முதல் ககரமும் இரண்டாம் ககரமும் வாயில் வேறு வேறு. பம்பரத்தில் முதல் பகரம் ஒரு மாதிரி, நடுவில் வருவது வேறு மாதிரி. யாராவது பட்டியல் போட்டுக் கொடுத்தார்களா? சொல் தெரியும், அதனால் வாய் தானாகப் போகிறது. கன்ஜியும் அப்படித்தான் பழக வேண்டும்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். ஒரு புது எழுத்து வந்தால் அதற்கு இரண்டு சொல் மட்டும், மூன்றாவது வேண்டாம். முடிந்தால் அதில் ஒன்று ஏற்கெனவே காதில் விழுந்த சொல்லாக இருக்கட்டும். 'மின்' என்ற எழுத்துக்கு டென்ஷ (ரயில்), டென்வ (தொலைபேசி). பிறகு 'வண்டி' என்ற எழுத்து வரும்போது டென்ஷவின் பின்பாதி அதுதான் என்று தெரியும், அதற்குத் தனியாக நிற்கும்போது 'குரும' என்று பெயர், கார். நம்ம ஊர் குருமா டப்பா காரில் கொட்டிவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன், இன்று வரை போகவில்லை. கைஷ என்றால் கம்பெனி, அதே இரண்டு எழுத்தை இடம் மாற்றிப் போட்டால் ஷகை, சமுதாயம். இப்படி ஒன்றோடொன்று கைகோத்து வரும் சொற்களைத் தேடிப் பிடித்தால் புதிதாக வருவது பாதி தெரிந்ததாகவே வரும்.

அர்த்தத்தைத் தமிழில் எழுதுங்கள்

முன்பக்கம் சொல், பின்பக்கம் அர்த்தம் என்று இணையத்தில் கிடைக்கும் மனப்பாட அட்டைத் தொகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ் என்று இரண்டு பஸ் மாறிப் போகிறோம். சில இடங்களில் வழியிலேயே சாமானும் தொலைகிறது. அனி, ஒதோதொ இரண்டுக்கும் ஆங்கிலத்தில் பிரதர்தான், முன்னால் பெரிய, சிறிய என்று ஒட்டுப்போட வேண்டும். நமக்கு அனி என்றால் அண்ணன், ஒதோதொ என்றால் தம்பி, அனெ அக்கா, இமோதொ தங்கை. முடிந்தது. கொரெ, ஸொரெ, அரெ என்று மூன்று சுட்டு வரும்போது ஆங்கிலம் படித்தவர் திணறுவார், யாழ்ப்பாணத்துக்காரர் இது, உது, அது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

ஒலியைத் தமிழில் எழுதாதீர்கள்

மேலே சொன்னதற்கு நேர் எதிர்மாதிரி இருக்கும், ஆனால் இது வேறு விஷயம். நான் முதல் ஆறு மாதம் உச்சரிப்பையும் தமிழில்தான் எழுதி வைத்தேன். தங்கம் என்ற எழுத்துக்கு 'கின்' என்று எழுதினேன். வெள்ளி என்ற எழுத்துக்கும் 'கின்' என்று எழுதினேன். ஒன்று அழுத்தமான வல்லொலி, இன்னொன்று 'கணேசன்' என்று சொல்லும்போது தொடக்கத்தில் வரும் மெல்லிய ஒலி. நம் எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. வெள்ளியின் எழுத்தில் இடது பக்கம் தங்கத்தின் எழுத்தே வேறு உட்கார்ந்திருக்கிறது. உருவமும் பாதி ஒன்று, என் நோட்டில் ஒலியும் ஒன்று. குழம்பாமல் என்ன செய்யும்? நான் மறக்கவே இல்லை, தப்பாகப் பதிந்து வைத்திருந்தேன்.

குறில் நெடிலிலும் இரட்டிப்பிலும் தமிழ்க் காதுக்கு ஒரு லாபம் இருக்கிறது. ஒபசன் என்றால் அத்தை, ஒபாசன் என்றால் பாட்டி. கிதெ, கித்தெ. நமக்கு இது இயல்பாகக் கேட்கும், வேறு பலர் இதற்காக மாதக்கணக்கில் பாடுபடுவார்கள். சொல்லின் நடுவில் ஒலி மெலிவதும் நமக்குப் பழக்கம்தான்: கை 'தெ', காகிதம் 'கமி', இரண்டும் சேர்ந்து கடிதம் 'தெகமி'. நீங்கள் இதைப் படிக்கும்போதே நடு ககரத்தை மெலித்துத்தான் படித்திருப்பீர்கள், ஜப்பானியரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சொல்லின் தொடக்கம்தான் நமக்கு வில்லங்கம். அதனால் ஒலியை முதல் நாளிலிருந்தே ஹிரகனாவில் எழுதுங்கள். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் கன்ஜிச் சொல்லைக் கொடுத்து ஹிரகனா வாசிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளில் தப்பு விடைகள் பெரும்பாலும் இந்த நுணுக்கங்களில்தான் பொறி வைத்திருக்கும்: ஒரு நெடிலைக் குறைத்திருப்பார்கள், ஒரு வல்லொலியை மெலித்திருப்பார்கள்.

உருவம் நிற்காவிட்டால்: கோவிலுக்குப் போங்கள்

என்னைப் பார்த்து யாரோ மாதிரி நின்ற அந்தக் 'காத்திருத்தல்' எழுத்துக்கு வருகிறேன். அது தனி ஆள் இல்லை, ஒரு பெரிய குடும்பம். நடுவில் 'கோவில்' என்ற எழுத்து இருக்கிறது (புத்த கோவில், தெரா). அதன் இடது பக்கத்தில் வேறு வேறு உறுப்பை ஒட்ட ஒட்ட வேறு வேறு எழுத்து.

சூரியனை ஒட்டினால் நேரம். காலைப் பூஜை, உச்சிக்காலம், சாயரட்சை என்று சூரியனைப் பார்த்துக் கோவில் மணி அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கையை ஒட்டினால் வைத்திருத்தல், மொத்சு. கையில் அர்ச்சனைத் தட்டு. நடந்துபோவதைக் குறிக்கும் உறுப்பை ஒட்டினால் காத்திருத்தல், மத்சு. இது யாருக்கு மறக்கும், நடந்து நடந்து நின்று நின்று போகும் தரிசன வரிசைதான். ஆளை ஒட்டினால் சாமுராய், கோவில் வாசலில் நிற்கும் காவலாளி. பேச்சை ஒட்டினால் கவிதை. கோவிலில் பேசுகிற பேச்சு தேவாரம், வேறென்ன? மாட்டை ஒட்டினால் தனிச்சிறப்பு, கோவில் மாட்டுக்கு ஊரில் இருக்கும் மரியாதை தெரியும்தானே.

இதெல்லாம் அந்த எழுத்துகளின் உண்மையான பிறப்பு வரலாறு கிடையாது, நான் கட்டிய கதை. உண்மையில் கன்ஜிகளில் பெரும்பாலானவை ஒரு பக்கம் பொருளுக்கு, ஒரு பக்கம் ஒலிக்கு என்று சேர்த்துச் செய்தவை. கோவிலுக்குச் சீனவழி ஒலி 'ஜி', அதனால்தான் நேரமும் 'ஜி', வைத்திருப்பதும் 'ஜி', சாமுராயும் 'ஜி', கவிதை கொஞ்சம் விலகி 'ஷி'. காத்திருத்தல் மட்டும் 'தை', தனிச்சிறப்பு 'தொகு' என்று அடம்பிடிக்கும். ஒலி உறுப்பை இப்படிக் கண்டுபிடித்து வைத்தால் தெரியாத சொல்லைக்கூட ஓரளவு ஊகிக்கலாம், ஆனால் அது 200, 300 எழுத்துக்குப் பிறகுதான் பலன் தரும். இப்போதைக்குக் கதை போதும்.

கதை உங்களுடையதாக இருக்க வேண்டும், அது முக்கியம். அடுத்தவர் கட்டிய கதையைப் படித்தால் எழுத்தோடு கதையையும் சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். 'பூ'வும் 'நெருப்பு'ம் சேர்ந்தால் ஹனபி, வாணவேடிக்கை. அம்மன் கோவிலில் பூக்குழி இறங்குவதைப் பார்த்த ஒருவருக்கு, பூவும் நெருப்பும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒலிக்கும் இப்படிச் செய்யலாம், ஆனால் ஜாக்கிரதை: ஊர் என்றால் 'மசி', அதில் சகரத்தை நம்ம மச்சியின் சகரம் மாதிரிச் சொல்ல வேண்டும். மச்சி இருக்கும் ஊர் என்று வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் நிஜமாகவே 'மச்சி' என்று அழுத்திச் சொன்னால் ஜப்பானியத்தில் தீக்குச்சி ஆகிவிடும். கதை பாலம் மாதிரி, ஓரிரு வாரத்தில் சொல் தானாக வந்துவிடும், அப்புறம் கதை உதிர்ந்தாலும் பரவாயில்லை.

ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்துப் படிக்காதீர்கள்

கோவில் குடும்பத்தை ஒரே நாளில் படிக்கலாமா என்று கேட்டால், கூடாது. மேலே ஒரே மூச்சில் சொன்னது பழைய எழுத்துகளைச் சீர்செய்வதற்கு. புதிதாகப் படிக்கும்போது மொத்சுவும் மத்சுவும் ஒரே நாளில் வந்தால் உருவமும் ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடும். வலது, இடது இரண்டையும் ஒரே நாளில் படித்தவர்கள் வருடக்கணக்கில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்று, அது நன்றாக உட்கார்ந்த பிறகு, இரண்டு வாரம் கழித்து, மற்றது. தேதி எண்ணும்போது 4ஆம் தேதி யொக்க, 8ஆம் தேதி யோக. 8ஆம் தேதி யோகா வகுப்பு என்று காலண்டரில் எழுதி வைத்தேன், 4 தானாக ஒதுங்கிக்கொண்டது.

ஒரு புள்ளியில் வித்தியாசப்படுபவற்றுக்கு மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவும். பெரிய என்ற எழுத்தின் தோளுக்கு மேல் ஒரு புள்ளி வைத்தால் நாய், காலுக்கு நடுவில் வைத்தால் பருமன். இது குழம்பிய பிறகு செய்ய வேண்டிய வைத்தியம், முன்கூட்டியே அல்ல.

அட்டைகளும் அட்டைகளும்

இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதற்கு அங்கி என்ற மென்பொருளைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006இல் வெளியிட்டது, பெயருக்கே ஜப்பானியத்தில் மனப்பாடம் என்றுதான் அர்த்தம். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. செல்போனே வேண்டாம் என்றால் செருப்புப் பெட்டியில் ஐந்து அறை தடுத்து, சரியாகச் சொன்ன அட்டையை அடுத்த அறைக்கும் தப்பியதை முதல் அறைக்கும் மாற்றுங்கள். முதல் அறையைத் தினமும், கடைசி அறையைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறையும் பார்த்தால் போதும். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் பரப்பிய முறை இது, நன்றாகவே வேலை செய்கிறது.

அங்கியில் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு எண்ணிக்கை. ஒரு நாளைக்கு 20 புது அட்டை என்று அது தானாக வைத்திருக்கும். முதல் வாரம் ஜாலியாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு புது அட்டையும் நாளை, நாளை மறுநாள், அடுத்த வாரம் என்று திரும்பத் திரும்ப வந்து நிற்கும், மாதக் கடைசியில் தினமும் 150, 200 அட்டை காத்திருக்கும். வட்டிக்குக் கடன் வாங்குவது மாதிரிதான். 5இல் தொடங்குங்கள். ஒரு மாதம் ஒரு நாள்கூட விடாமல் போனால் 7, 8 என்று ஏற்றலாம். 5 என்றாலும் வருடத்துக்கு 1800 சொல், சும்மா இல்லை.

அட்டையின் முன்பக்கம் தனி எழுத்தைப் போடாமல், அந்தச் சொல் வரும் ஒரு குட்டி வாக்கியத்தைப் போடுங்கள். பின்பக்கம் ஹிரகனா வாசிப்பு, தமிழ் அர்த்தம், முடிந்தால் ஒலி. திருப்புவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் "தெரியும் தெரியும்" என்று திருப்பினால் அது பார்த்தது, நினைவுபடுத்தியது இல்லை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஜெயித்தார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்ததை மூடிவைத்து நினைவுபடுத்திப் பார்த்தவர்கள் ஜெயித்தார்கள்.

இரண்டாவது தப்பு, அட்டையைத் திருப்பியதும் எப்படி நினைவு வந்தது என்று சொல்ல அமுக்கும் பொத்தான். மறந்துபோயிருக்கும், ஆனால் மனசு கேட்காமல் 'ஹார்டு' என்று அமுக்குவோம். ஹார்டு என்றால் கஷ்டப்பட்டு நினைவு வந்தது என்று அர்த்தம். வரவில்லை என்றால் 'அகெய்ன்'தான். பொய் சொன்னால் கணக்கு தப்பி, தெரியாத சொல்லை மாதம் கழித்துக் கொண்டுவந்து நிறுத்தும். நான் அகெய்ன், குட் இரண்டை மட்டும்தான் தொடுகிறேன்.

அப்புறம், சில அட்டைகள் எத்தனை தடவை பார்த்தாலும் மறக்கும். 8 தடவை தவறினால் அங்கி அதற்கு 'லீச்' என்று குறி போட்டுவிடும். லீச் என்றால் ரத்தம் குடிக்கும் அட்டை, தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், யாரோ யோசித்து வைத்த மாதிரி. அந்த அட்டையோடு மல்லுக்கட்டாதீர்கள். உப்பைப் போட்டால் அட்டை விழும்: நிறுத்தி வையுங்கள், முதலில் சொன்ன நான்கில் எந்த நோய் என்று பாருங்கள், வேறு வாக்கியமோ வேறு கதையோ எழுதிப் புது அட்டை போடுங்கள், அல்லது இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டுவிடுங்கள். உங்கள் நேரத்தில் பெரும்பங்கை உறிஞ்சுவது பத்துப் பதினைந்து அட்டைதான்.

கையால் எவ்வளவு எழுதுவது?

முதல் 100 எழுத்துக்கு எழுதுங்கள், கோடு போடும் வரிசை கையில் படியும் வரை. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், இது பழகினால் புது எழுத்து வரும்போது கண் தானாக உறுப்பு உறுப்பாகப் பிரிக்கும். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் எழுதிப் படிப்பது உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை. சென்னையிலும் ஜூலை, டிசம்பரில் நடக்கும் ஜேஎல்பிடியில் எந்த நிலையிலும் கன்ஜியைக் கையால் எழுதச் சொல்வதில்லை, விடையைத் தேர்ந்தெடுத்து வட்டத்தைக் கருப்பாக்கினால் போதும். எழுத வரவில்லை என்று நொந்துகொள்ளும்போது ஜப்பானியர்களே வைத்த பெயர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: 'வாபுரோ பக', அதாவது தட்டச்சு செய்து செய்து கையால் கன்ஜி எழுத மறந்துபோன முட்டாள்.

எழுதினால் பத்து தடவை தொடர்ந்து எழுதாதீர்கள். மூன்றாவதிலிருந்து கை தானாகப் போகும், தலை வேறு எங்கோ போய்விடும். ஒரு தடவை பார்த்து எழுதி, மூடிவிட்டு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நாளைக்கு ஒரு தடவை. செல்போனில் ஜப்பானிய விசைப்பலகை போட்டுத் தட்டுவதும் நல்ல பயிற்சி, ஹிரகனா தட்டினால் நான்கைந்து கன்ஜியை நீட்டும், அதில் சரியானதை எடுக்க வேண்டும்.

சொல்லை வெளியில் சந்தியுங்கள்

அட்டையில் மட்டும் தெரிந்த சொல் அலுவலக நண்பர் மாதிரி, மார்க்கெட்டில் பார்த்தால் சட்டென்று அடையாளம் தெரியாது. அதனால் முதல் மாதத்திலிருந்தே ஏதாவது வாசியுங்கள். ததொகு என்ற அமைப்பு கற்பவர்களுக்கென்று நிலைவாரியாக எழுதிய குட்டிக் கதைப் புத்தகங்களை இலவசமாக இணையத்தில் போட்டிருக்கிறது, தொடக்க நிலையில் படமே பாதிக் கதை சொல்லும், கன்ஜியின் மேல் பொடி எழுத்தில் வாசிப்பும் இருக்கும். அந்தப் பொடி எழுத்துக்கு ஃபுரிகனா என்று பெயர். அதை ஒரு விரலால் மறைத்துக்கொண்டு முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள், அப்புறம் விரலை எடுங்கள். அகராதியைத் தொடாமல் ஒரு கதையை முடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கதையில் வந்த ஒரு சொல்லுக்கு அட்டையே தேவைப்படாது.

இடையில் விட்டுவிட்டால்

விடுவீர்கள். கல்யாணம், காய்ச்சல், அலுவலகத்தில் ஏதாவது. நான் ஒரு தடவை இருபது நாள் விட்டுவிட்டுத் திறந்தபோது 640 அட்டை நின்றுகொண்டிருந்தது, அப்படியே மூடிவிட்டு இன்னும் ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அதுதான் நான் செய்த பெரிய தப்பு, இருபது நாள் விட்டது இல்லை.

திரும்பி வரும்போது முதலில் புது அட்டையைப் பூஜ்யத்தில் வையுங்கள். பிறகு ஒரு நாளைக்கு 50 என்று வரம்பு போட்டு, அன்றைய 50 முடிந்ததும் மூடிவிடுங்கள், மீதி எத்தனை என்று பார்க்கவே வேண்டாம். தப்பியதற்கெல்லாம் தயங்காமல் அகெய்ன். முதல் மூன்று நாள் எல்லாமே தப்பும், நான்காம் நாளிலிருந்து எபிங்ஹவுஸ் அளந்த அந்தப் பழைய தடம் வேலை செய்ய ஆரம்பிக்கும். எனக்கு அந்த 640ஐக் கரைக்க மூன்று வாரம் ஆனது. நிலுவை முழுசாகத் தீரும் வரை புது அட்டை ஒன்றுகூடக் கிடையாது, பிறகு மறுபடி 5இல் தொடங்குங்கள்.